ஏழு புள்ளிகள்

மண் மாதிரி எடுக்கும் இரும்பு வளையம் தரைக்குள் இறங்கவில்லை. சாஜிதா பானு சுத்தியலால் நாலு அடி அடித்துப் பார்த்தாள். ஐந்தாவது அடியில் வளையத்தின் விளிம்பு மடங்கிவிட்டது. வேப்பங்கால்பட்டிக்கு மேற்கே, மழையை மட்டும் நம்பிய கரிசல் காடு. மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது.

"தள்ளு மக்கா" என்று காட்டுக்காரி சுந்தரம்மாள் மண்வெட்டியால் மேல்பொருக்கைக் கொத்தி விட்டாள். "இந்த மண்ண வச்சு என்ன செய்யப் போற?"

"எடை போட்டு, சூட்டுல காய வச்சு, மறுபடி எடை போடணும்க்கா. கொறஞ்சது எவ்வளவோ அவ்வளவு ஈரம்."

"இனிமே காயதுக்கு இதுல என்ன கெடக்கு?"

சாஜிதா சிரிக்கவில்லை. தாலுகா முழுவதற்கும் ஈரப்பத வரைபடம் போடும் ஒரு தனியார் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. செல்போனில் வழி காட்டுகிறதே, அந்தச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை தரையில் பட்டுத் தெறிக்கும். அந்தத் தெறிப்பைக் கேட்பதற்கென்றே பெட்டி அளவுச் சிறு செயற்கைக்கோள்கள் மேலே சுற்றுகின்றன. ஈரமண் பலமாகத் தெறிக்க விடும், காய்ந்த மண் மங்கலாக. அதை வைத்துப் போடும் படம் சரியா என்று மண்ணை எடுத்துப் பார்ப்பது சாஜிதாவின் பொறுப்பு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இந்த வருடம் எந்தெந்த ஊர் வறட்சிப் பட்டியலில் சேரும் என்று முடிவாகும்.

இருபத்திரண்டு இடத்தில் மண் எடுத்தாள். பதினைந்து படத்தோடு ஒத்துப்போனது. மீதி ஏழில் அவள் கண்டது ஏழு சதவீத ஈரம். படமோ முப்பதுக்கு மேல் சொல்லி, அந்த இடத்தை நீலமாகக் காட்டியது. ஏழும் வேப்பங்கால்பட்டிக் குளத்தைச் சுற்றியவை. மலையில் பெய்த மழை ஓடை வழியே வந்து குளத்தை நிரப்பியிருந்தது. ஊருக்கோ ஒரு தூறல் இல்லை. காடுகள் குளத்துக்கு மேலே மேட்டில் இருந்தன. அந்தத் தண்ணீர் அங்கே ஏறாது.

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மேல் மாடியில் அலுவலகம். தறிச் சத்தத்துக்கு மேலாகப் பேச வேண்டியிருந்தது.

"ஏழு பாயிண்ட்டையும் எடுத்துரும்மா" என்றார் மேலாளர் பாண்டியராஜ். "மத்ததெல்லாம் அழகா ஒத்துப் போகுது. வெள்ளிக்கிழம தாலுகா ஆபீஸ்ல காட்டணும்."

"அது தப்பான பாயிண்ட் இல்ல சார். செயற்கைக்கோள் ஒரே பார்வையில பல கிலோமீட்டர் பாக்குது. உள்ள ஒரு குளம் கெடந்தா அந்தத் தெறிப்பு மண்ணோடத அமுக்கிரும்."

"செயற்கைக்கோள் பொய் சொல்லுதுங்கியா?"

"அது பொய் சொல்லல. தண்ணியப் பாத்துத் தண்ணின்னு சொல்லுது. நாமதான் அத மண்ணுன்னு எழுதுதோம்."

பாண்டியராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு மேலயும் ஆளு இருக்கும்மா. கையெழுத்தப் போடு."

'களத்தில் சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே அவள் பெயர் அச்சாகியிருந்தது. சாஜிதா தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

"ஏழும் இருந்தாப் போடுதேன். இல்லன்னா என் பேர எடுத்துருங்க."

"பேர மட்டும் எடுக்க முடியாது. ஆளையும்தான் எடுக்கணும்."

"எடுங்க சார்."

வேலை போனதை வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா ஜரினா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ அளந்தது சரிதான?"

"மூணு தடவ அளந்தேன்."

"பெறகு ஏன் மொகத்தத் தொங்கப் போட்டிருக்க?"

வெள்ளிக்கிழமை தாலுகா அலுவலகத்தில் விவசாயிகள் கூட்டம். சாஜிதா சொல்லியனுப்பியிருந்ததால் சுந்தரம்மாள் ஊரார் ஐந்து பேரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் படம் விழுந்தது. வேப்பங்கால்பட்டி நல்ல நீலத்தில் மின்னியது.

"இந்தப் பகுதியில் போதுமான ஈரப்பதம் உள்ளது" என்று பாண்டியராஜ் வாசித்தார்.

சுந்தரம்மாள் எழுந்தாள். "அந்த நீலத்துல எங்க சோளம் ஏன் கருகுது? நீரு வந்து பாத்தீரா வே?"

சலசலப்பு அடங்குவதற்குள் சாஜிதா முன்னால் வந்துவிட்டாள். கூட்டத்தை நடத்திய தாசில்தார் பக்கம் திரும்பினாள்.

"நேத்து வரைக்கும் இந்தப் படத்துக்கு மண்ணு எடுத்துக் குடுத்தவ நான். அந்த நீலம் குளம் சார். குளத்தக் கழிச்சுட்டுக் கணக்குப் போடச் சொல்லுங்க."

"அவங்க இப்ப எங்க ஆளு இல்ல" என்றார் பாண்டியராஜ்.

"இல்லதான். அதனாலதான் பேச முடியுது."

தாசில்தார் பேனாவை மூடி வைத்தார். "உங்க பேச்ச நம்பவும் வேண்டாம், அவர் படத்த நம்பவும் வேண்டாம். நாளைக்கு வேளாண்மை ஆபீசர் போய் மண்ணு எடுக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் தொடக் கூடாது."

மறுநாள் சாஜிதா வரப்பில் கை கட்டி நின்றாள். அதிகாரி எடுத்த மண்ணிலும் ஏழு சதவீதம்தான் வந்தது. ஒரு இடத்தில் ஆறு. தாசில்தார் கேட்டதும் நிறுவனம் குளத்தை நீக்கிப் போட்ட புதுப் படத்தில் நீலம் சிறு திட்டாகச் சுருங்கி, சுற்றிலும் பழுப்பு விரிந்தது. பத்து நாளில் வேப்பங்கால்பட்டி பட்டியலில் ஏறியது.

பாண்டியராஜ் போன் செய்தார். "வேலைக்கு வாம்மா. ஆனா இனிமே கூட்டத்துல நின்னு பேசக் கூடாது. மேல கேக்காங்க."

"இன்னும் நாலு ஊரு இதே மாதிரி குளத்துக்குப் பக்கத்துல இருக்கு சார். அதையும் மாத்துவீங்களா?"

"அது அப்புறம் பாக்கலாம்."

"அப்ப நானும் அப்புறம் வாரேன்."

வைத்துவிட்டாள். சம்பளமில்லாத அடுத்த மாதத்தை நினைக்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில், இரவல் வாங்கிய தராசை மடியில் வைத்துக்கொண்டு ராயகிரிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் சுந்தரம்மாள். அந்த நாலு ஊரில் ஒன்றில் அவள் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருந்தது.

"அவங்க ஊருல வரப்புத் தகராறு ஜாஸ்தி" என்றாள் சுந்தரம்மாள். "மண்ணு எடுக்க விட மாட்டானுவ."

"கேட்டுப் பாப்போம்க்கா" என்று சொல்லி, சாஜிதா இரண்டு டிக்கெட் கேட்டாள்.