கண்ணாடி ஓடுகளுக்கு மேலே

1
இந்தக் கதை ஒரு நிழலிலிருந்து பிறந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அக்காவின் மூச்சுக் கருவியிலிருந்து பிறந்தது. மின்சாரம் போனால் அது நின்றுவிடும். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அதனால்தான் கூரையில் சோலார் பேனல் வைக்க நினைத்தோம்.

2
(அடித்துவிட்ட தொடக்கம்: "சரிந்த கூரையின்மேல் சூரியன் ஒரு" ஒரு என்ன? தெரியவில்லை.)

பக்கத்து மாடித் தண்ணீர்த்தொட்டியின் நிழல் எங்கள் ஓடுகளின்மேல் நகர நகர, பேனல்காரர் அதன் விளிம்பைச் சாக்கட்டியால் கோடிட்டுக்கொண்டே வந்தார். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் வரிசையே சோர்ந்துவிடுமாம். மாலையில் ஏணியேறிப் பார்த்தேன். கூரையெங்கும் வெள்ளைக் கோடுகள். நான் ஒரு வரிகூட எழுதாத அந்தப் பகலில் பூமி திரும்பியிருக்கிறது. திரும்பிய தடம் எங்கள் ஓட்டின்மேல் கிடக்கிறது. ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய ஒன்றின்மேலா நாங்கள் பாய் விரித்துத் தூங்குகிறோம்?

"இந்த ஒரு இடத்துலதாம்மா நிழலே விழல," என்றார் பேனல்காரர்.

அங்கே வெளிச்சம் உள்ளே இறங்கும் கண்ணாடி ஓடுகள். நேர் கீழே அக்காவின் கட்டில்.

"கண்ணாடிய விட்டுட்டு வச்சா?"

"நிழல்ல வச்சா பாதி கரண்ட்தான் பிடிக்கும். ஊர் கரண்ட் போனா மிஷின் பாதி நேரந்தான் ஓடும்."

3
அக்காவைப் பொறுமைசாலியாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன்.

"யாருடி இவ? உன்ன ஒரு தடவகூடத் திட்டவே இல்லையே!"

"சரி, இப்பத் திட்டு."

"அந்த வெளிச்சத்துல கை வச்ச, தொலைச்சுப்புடுவேன். கட்டில்மேல ஊர்ந்து ஊர்ந்து வருது பாரு, என்னப் பாக்க தினம் வர்றது அது ஒண்ணுதான்."

"மூச்சு வேணாமாக்கா?"

"வேணும். நீதானே கதை எழுதுறவ, ஏதாவது பண்ணு."

4
முடிவு ஒன்று: கண்ணாடியை மூடிப் பேனல் வைக்கிறோம். கருவி நிற்பதில்லை. அறை (நிறுத்திவிட்டேன்.)

முடிவு இரண்டு: வெளிச்சம் இருக்கிறது. ஒரு நாள் மின்சாரம் போகிறது. (இதை எழுத மாட்டேன்.)

முடிவு மூன்று பேனல்காரருடையது: கண்ணாடி ஓடுகளைக் கழற்றிக் கோடுகள் விழுந்த பக்கத்தில் பதித்து, அவை இருந்த இடத்தில் பேனலை வைத்து, கட்டிலையும் அங்கே நகர்த்துவது.

"வெளிச்சம் வரும். நடுநடுவே நிழலும் வரும்மா."

"அப்ப தொட்டியும் என்னப் பாக்க வருமா?" என்று அக்கா சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. பிறகு சிரிக்கவில்லை.

5
இப்போது பேனல்காரர் மேலே முதல் கண்ணாடி ஓட்டில் கை வைத்திருக்கிறார்.

"கழட்டவாம்மா?"

அக்கா தன் மடியில் கிடக்கும் வெளிச்சத்தின்மேல் உள்ளங்கையை வைத்திருக்கிறாள், குழந்தையைத் தட்டுவதுபோல. நான் அவளுக்காகப் பதில் சொல்லப்போவதில்லை, படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள். சரிவில் நிற்பவருக்குக் கால் வழுக்கும்.