தொடையில் போட்ட தாளம்

அந்த நாட்டில் ஒரே ஒரு பாட்டுதான் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு வருடமாக அதை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து வாசிக்கத்தான் கோவில்பட்டியிலிருந்து எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நாங்கள் மூன்று பேர். செல்வின் கீபோர்டு, வடிவு பாட்டு, நான் தவில். மூன்று மாதச் சுற்றுப்பயணத்தில் இதுதான் கடைசி நிகழ்ச்சி. வெள்ளிக்கிழமை விமானம். நான்கு வயது மகளைப் பார்த்து மூன்று மாதமாகிறது. அவளைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை மண்டப வாசலில் ஓர் அம்மாள் படிவம் கொடுத்தாள். எங்கள் பக்கத்துப் பேச்சையே பேசினாள்.

"பாட்டுல சேந்துட்டா நீங்க உள்ள. பதிலுக்கு அவங்கள்ல ஒரு ஆளு வெளிய."

வெளியே வருபவர் எங்கே போவார் என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்குத்தான்."

நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டோம். வெள்ளிக்கிழமை வரை எங்களுக்குக் கதவு திறக்காது என்றாள்.

செல்வினுக்கு எதிலும் அவசரம். அன்றே கீபோர்டில் ஒரு விரலை வைத்தான். குழல் வாசித்துக்கொண்டிருந்த கிழவர் எழுந்து, அவன் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வடிவு. அவள் கொட்டாவிதான் விட்டாள். அது சுருதியோடு சேர்ந்துவிட்டது. தாடி வைத்த ஒருவர் அவளுடைய செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அளவு சரியாக இருந்தது.

நான் உஷாராக இருந்தேன். தவிலை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. வாயையும் திறக்கவில்லை. நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு தினமும் இரண்டு அடி நீண்டது. அதை அளக்க ஓர் ஆள் வந்து போனார். வேலையில் கெட்டிக்காரர்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மாள் வந்து என் தொடையைக் காட்டினாள். என் வலது கை அதன்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தட்டி, விரல் எண்ணி, வீசி, ஒரு குறையும் இல்லாமல்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"வந்து உக்காந்ததுல இருந்து. உங்க ஆளு திங்கக்கிழமையே பொறப்பட்டாச்சு."

எதிரே மேளம் அடித்தவரைத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். சட்டைப் பையில் கையை விட்டேன். பாஸ்போர்ட் இருந்த இடத்தில் ஒரு சீப்பு இருந்தது.

எங்கள் ஆட்களுக்குப் பாட்டு காதில் விழுந்தால் கை சும்மா இருக்காது. கல்யாண வீடு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் ஒன்றுதான். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. வாத்தியத்தையே தொடவில்லையே என்று மன்றாடினேன். தொடையும் படிவத்தில் இருக்கிறது என்றாள். இருந்தது. எட்டாவது வரி.

தவிலை எடுத்துக்கொண்டு காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு கையால் வாசித்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி பிரமு எடுத்தாள்.

"யாரு அண்ணாச்சி பேசுதிய?" என்றாள்.

உன் புருஷன்தான் என்றேன். அவர் புதன்கிழமையே வந்துவிட்டாரே என்றாள். கோபம் ஒன்றும் இல்லை. வேலை விஷயமாக இருந்தால் அவரிடமே பேசுங்கள் என்று போனைக் கொடுத்தாள்.

அவர் மரியாதையாகப் பேசினார். அங்கே ராத்திரியாம். பிரமு வைத்த குழம்பைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவரிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"பிள்ள இருட்டுல தூங்க மாட்டா. லைட்ட மட்டும் அணைச்சிராதிய."

"அணைச்சாச்சி. நல்லாத் தூங்குதா," என்றார். "அங்க என்ன இப்படிச் சத்தம்? முழிச்சிரப் போறா."

போனை வைத்த பிறகும் வெகுநேரம் தவிலை மெதுவாகவே வாசித்தேன்.