பாதிச் சனி

1

பதினோரு நாள், ஐந்து மணி நேரம். அப்பாவின் செருப்பு ஒன்று என் கைப்பைக்குள் வந்து இவ்வளவு நேரம் ஆகிறது. கதை அங்கிருந்துதான் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இதை வேறு மாதிரித் தொடங்கியிருந்தேன். "பிரிக்பீல்ட்ஸ் கோயில் கோபுரத்தில் புறாக்கள்..." இல்லை. நான் புறாக்களைப் பார்க்கவில்லை. அப்பாவின் கால்களைப் பார்த்தபடி பின்னால் நடந்தேன்.

2

இனி அப்பாவைச் சிவநேசன் என்று எழுதுகிறேன். அம்மா லோகேஸ்வரி. பெயர்களைத் தவிர இன்னொன்றையும் மாற்றியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சிவநேசன் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறார். பதினான்கு பிள்ளைகள். அன்று சனிக்கிழமை, காலை பதினொரு மணி. கோயிலிலிருந்து கார் நிறுத்திய இடத்துக்கு நடக்கும்போது அவருடைய இடது கால் செருப்பு கழன்று தாரில் கிடந்தது. அவர் நின்று பார்க்கவில்லை. சுடும் தாரில் வெறுங்காலை ஊன்றி நடந்தார். இருபது அடி. எண்ணினேன். மகள் (நான்தான்) செருப்பை எடுத்துப் பைக்குள் போட்டாள். அவரைக் கூப்பிடவில்லை.

காரருகே வந்ததும் லோகேஸ்வரிதான் பார்த்தார்.

"என்னங்க, இன்னொரு சிலிப்பர் எங்க?"

சிவநேசன் குனிந்து பார்த்தார். "அட! கோயில்லயே எவனோ எடுத்துட்டான் போல. ஒத்தக் காலுக்காரன் லா."

"கோயில்ல செருப்பு தொலைஞ்சா பிடிச்ச சனி தொலைஞ்சுதுன்னு சொல்வாங்க. நல்லதுதான், விடுங்க."

"ஒன்னுதானே போயிருக்கு? அப்ப ஏழரையில பாதி. இன்னும் மூணே முக்கா வருஷம் இருக்கு."

லோகேஸ்வரி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே செருப்பை எப்படி வெளியே எடுப்பது?

கோயில் வாசலிலிருந்தே ஒற்றைச் செருப்போடு நடந்து வந்ததாகச் சிவநேசன் நம்பினார். அது எப்படித் தெரியாமல் போகும் என்று யாரும் கேட்கவில்லை.

3

நான் உயிரியல் மருத்துவம் படித்தவள். மருத்துவர் அல்ல.*

(* நரம்பு மண்டலத் தேர்வில் எனக்கு ஏ. வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் பேசாமல் நின்றேன்.)

முதுகெலும்பின் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் இடுப்புதான் வலிக்கும் என்று நினைக்கிறோம். செய்தி காலிலிருந்தும் வரலாம். சிவநேசன் சிவப்பு விளக்கில் நிற்கும்போது தொடையைக் குத்திக்கொள்வார். வேனைவிட்டு இறங்கினால் பின்தொடையில் "கரண்டு ஓடுது" என்பார். கட்டைவிரல் மரத்துப்போகும். படியில் கால்நுனி தட்டும். எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தார்: பழைய சீட்டு, புது டைல்ஸ், வயசு. தனித்தனியாகப் பார்த்தால் நானும் நம்பியிருப்பேன். செருப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

மறுநாள் அவரைக் குதிகாலால் நடந்து காட்டச் சொன்னேன்.

"என்னம்மா, டான்ஸ் கிளாஸா?" இடுப்பில் கைவைத்து நடந்தார். ஒரு பாதத்தின் விரல்கள் மேலே எழவில்லை. "எதுக்குக் கேட்ட?"

"சும்மாப்பா."

சொன்னால் வேன் நிற்கும். "இருபத்திரண்டு வருஷம், ஒரு கீறல் இல்ல" என்று புதுப் பெற்றோர் ஒவ்வொருவரிடமும் சொல்பவர் அவர். அந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பது நானாக இருக்க வேண்டும்.

4

இந்த மகளை எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு வேண்டிய அவகாசத்தை நானே கொடுத்திருக்கிறேன். இடது கால் கிளட்ச் மிதிக்கும் கால். அது மரத்துப்போனால் வேன் கொஞ்சம் உதறும், பின்சீட்டுப் பிள்ளைகள் கத்திச் சிரிப்பார்கள். எட்டுப் பள்ளி நாட்கள், பதினாறு நடை. அவள் நல்ல வாக்கியமாகத் தேடிக்கொண்டிருக்கலாம்.

[நேற்று பள்ளி வாசலில் நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் வேன் நின்றதாம். "அங்கிள், கோடு பின்னாடி இருக்கு!" என்று ஒரு பிள்ளை கத்தியதைச் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தார். இது கதைக்குப் பொருந்தவில்லை. நீக்க வேண்டும்.]

நீக்க முடியவில்லை.

5

முடிவு ஒன்று: லோகேஸ்வரி பையில் செருப்பைக் கண்டுபிடித்துக் கேட்கிறார். (கோழைத்தனம். என் வேலையை அம்மாவிடம் தள்ளுகிறேன்.)

முடிவு இரண்டு: மருத்துவர் பார்க்கிறார், படம் எடுக்கிறார்கள், சில மாதங்களில் சிவநேசன் மறுபடி வேன் சாவியை எடுக்கிறார். (நடக்கலாம். ஆனால் அதற்கு முன் யாராவது வாயைத் திறந்திருக்க வேண்டும்.)

முடிவு மூன்று: பள்ளி வாசல். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குனிந்து...

6

புதன்கிழமை புறப்பாட நாள், பள்ளி முடிந்தும் பிள்ளைகளுக்கு விளையாட்டு, கழகம் என்று இருக்கும், வேன் தாமதமாக வரும். மணி ஐந்து. வாசலில் இன்ஜின் சத்தம் நிற்கிறது. பதினோரு நாள், ஆறு மணி நேரம்.

எழுந்து போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன். நாளைக் காலை ஆறு மணிக்கு வேன் கிளம்புமா என்பது எனக்கே தெரியாது. அந்த முடிவு உங்களிடம் இருக்கட்டும். பேசியதை மட்டும் தருகிறேன்.

செருப்பை மேசைமேல் வைத்தேன்.

"ஏய், இது என் சிலிப்பர்லா! எங்க கெடைச்சுது?"

"யாரும் எடுக்கலப்பா. உங்க கால்லேர்ந்து கழண்டு விழுந்துச்சு. அதுக்கப்புறம் இருபது அடி நடந்தீங்க."

"எனக்கு ஒன்னும் தெரியலையே."

"அதான்பா. தெரியல."

சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். செருப்பை எடுத்துக் கீழே, அவர் பாதத்தருகே வைத்தேன். எந்தப் பாதத்துக்கு உரியது என்று பார்த்ததுமே தெரிந்தது. கதையில் நான் மாற்றிய இன்னொன்று அதுதான்.

"வலது காலுப்பா," என்றேன். "பிரேக் மிதிக்கிற காலு."