ஒரு விரற்கடை இறங்கிய தெரு

மலைக்குள் செம்பும் இல்லை, தங்கமும் இல்லை, வெறும் கல்தான் இருக்கிறது என்று பத்திரிகையில் செய்தி வந்த காலையில், அந்த மலையைத் தோண்டும் சுரங்கக் கம்பெனியின் பங்குகளை வாங்கி வைத்திருந்த வீடுகளெல்லாம் குறைந்தது ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கியிருந்தன. வாங்காத வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அன்று தக்காளி விலையும் சற்று இறங்கியிருந்தது. வெங்காயம் மட்டும் அசையவில்லை.

வீடு இறங்கியதைவிட, யார் யார் வீடு இறங்கியது என்பதுதான் தெருவுக்குப் பெரிய செய்தியாகிவிட்டது. பங்கு என்றாலே சூதாட்டம் என்று வருவோர் போவோருக்கெல்லாம் புத்தி சொன்ன மருந்துக்கடைக்காரரின் வாசற்படிதான் எல்லாவற்றிலும் ஆழமாகக் கிடந்தது. பஸ் டிரைவர் மனைவிக்குத் தெரியாமல் வாங்கியிருந்தார். மனைவி அவருக்குத் தெரியாமல் வாங்கியிருந்தாள். வீடு இரண்டு மடங்கு இறங்கியிருந்ததால் ஒருவரை ஒருவர் திட்ட இருவருக்கும் வாய் வரவில்லை. தையல்காரி வீடும் அதை ஒட்டிய அவள் அக்கா வீடும் ஒரே அளவாக இறங்கியிருந்தன.

அவை இரண்டும் ஒரே வீடாக இருந்தவை. அப்பா நடுவில் சுவர் எழுப்பி இரண்டு மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்தபோது, மனசு கேட்காமல் சுவரில் ஒரு கதவும் வைத்துவிட்டுப் போயிருந்தார். தங்கை தைத்துப் பட்டன் வைத்த துணி அந்தக் கதவு வழியாக அக்காவின் இஸ்திரி மேசைக்குப் போகும். அங்கிருந்து மடிப்புக் கலையாமல் வாடிக்கைக்காரர் கைக்குப் போகும். பங்கு வாங்கச் சொன்னதும் அக்காதான். தங்கை தயங்கியபோது, "உன்னைக் குழியில தள்ளிட்டு நான் மேல நின்னு வேடிக்கை பாப்பேனாடி?" என்று கேட்டு வாயை அடைத்திருந்தாள்.

அன்று சாயங்காலமே கம்பெனி ஏஜென்ட் மருந்துக்கடைக்காரர் வீட்டில் எல்லோரையும் கூட்டினார். சலவைச் சட்டை, சர்க்கரைப் பேச்சு. "வெறும் கல்லுன்னா வீடு ஏன் சார் இறங்குது? காத்தடைச்ச பை தண்ணில முங்குமா? கனம் இருந்தாத்தானே முங்கும்! உங்க பங்குல உலோகம் இருக்கு, வீடு தாங்கல. அவ்வளவுதான் விஷயம்" என்றார். தெருவுக்கு உயிர் வந்தது. அப்படியானால் பத்திரிகையில் எழுதியவனுக்கு யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். விலையை இறக்கிவிட்டு அடிமாட்டு விலைக்கு அள்ளப் பார்க்கிறார்கள். யார் என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. கடைசியில் ஒருவரும் விற்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். விற்றால் கனம் குறைந்து வீடு மேலே வந்துவிடும், ஊரே பார்க்கும் என்பதால் அந்தச் சத்தியத்துக்குக் காவலும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. காலைத்தான் பார்த்தார்கள், காலுக்குக் கீழே படியைப் பார்த்தார்கள். பல் துலக்கும் முன் நாலு வீட்டு வாசலை நோட்டம் விட்டுவிட்டு வருவது வழக்கமாயிற்று. மழையில் ஊறிக் கதவு உப்பிய பால்காரரை, வீடு ஏறியதால்தான் கதவு முட்டுகிறது என்று ஒரு வாரம் யாரும் சேர்க்கவில்லை. விசாரிக்க வந்த பத்திரிகைக்காரனுக்கு ஒரு வாய் தண்ணீர் கிடைக்கவில்லை. அவன் போட்டிருந்த புதுச் செருப்பைச் சுட்டி, இது எவன் வாங்கிக் கொடுத்தது என்று பஸ் டிரைவர் மனைவி முகத்துக்கு நேரே கேட்டாள். அவன் திரும்பிப் போய் மறுபடி எழுதினான். தெரு ஒரு சாண் இறங்கியது.

தெருவே அந்தப் பத்திரிகையை அடுப்பில் போட்டது. தையல்காரி மட்டும் போடவில்லை. துணியில் கத்தரி வைக்கும் முன் பழைய பத்திரிகையில் அளவு வெட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். முதுகுத் துண்டுக்கு விரித்த தாளில் அந்தச் செய்தி இருந்தது. துளை போட்டு எடுத்த கல்லின்மேல் உலோகத் தூளைத் தூவியது நான்தான் என்று சுரங்கத்துக் கூலியாள் ஒருவன் சொல்லியிருந்தான். கையுறை தராததால் விரல் தோல் உரிந்துபோனதையும் சேர்த்துப் புலம்பியிருந்தான். பொய் சொல்கிறவன் தோல் உரிந்ததை எல்லாம் எதற்கு இழுக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. கதவைத் தாண்டிப் போய், நாம் இருவரும் சேர்ந்து விற்றுவிடலாம் என்றாள்.

"மெதுவா பேசு. உனக்கும் அவன் காசு குடுத்தானா?" என்று அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு வீடும் கிளம்பிச்சுன்னா நாளைக்கு எவன்டி நம்மகிட்ட துணி குடுப்பான்? பேசாம இரு."

பேசாமல் இருந்தாள். சில நாளில் நடுக்கதவு நிலையில் இடித்தது. ஈரம் என்று நினைத்தாள். பிறகு அக்காவின் தரை ஒரு விரல் உயரத் தெரிந்தது. பிறகு ஒரு சாண். தெருப்பக்கம் போய்ப் பார்த்தால் அக்காவின் படியும் எல்லோர் படியும்போலத் தாழ்ந்துதான் கிடந்தது. காலால் எத்தினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. படியைச் சுற்றி இஸ்திரிப் பெட்டிச் சாம்பலைக் குவித்து அப்பி, வீடு ஏறியதை மறைத்திருந்தாள் அக்கா.

"எப்ப வித்த?"

"நீ வந்து சொன்ன மறுநாள்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை?"

"சொன்னா நீயும் விப்ப. ஒரு வீடுன்னா சாம்பலைப் போட்டு மூடலாம். ரெண்டு வீட்டுக்குச் சாம்பலுக்கு எங்கடி போறது?"

"மேல நின்னு வேடிக்கை பாப்பேனான்னு கேட்டியே. இப்ப அங்கேருந்து நல்லாத் தெரியுதாக்கா?"

தெருவிடம் அவள் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு துணி நடுக்கதவு வழியாகப் போகவில்லை. தெருவைச் சுற்றி, வாடிக்கைக்காரர் கையால் போயிற்று. விற்கப் பார்த்தாள். அதற்குள் கேட்பாரில்லாமல் போயிருந்தது, ஏஜென்ட்டையும் காணவில்லை. செய்தி வரவர வீடு இறங்கிக்கொண்டே இருந்தது, அக்கா வீட்டைச் சுற்றிச் சாம்பல் மேடும் கூடவே உயர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் தெரு மட்டத்துக்கு வந்தபோது செருப்பை வைத்தே ஆளை அடையாளம் சொல்லப் பழகிக்கொண்டாள். ஜன்னலும் புதைந்தபோது தையல் மெஷினுக்கு வெளிச்சம் போயிற்று. விளக்கு எந்தப் பக்கம் வைத்தாலும் கை நிழல் ஊசிமேல் விழுந்தது. விரலால் தடவித் தடவித் தைத்தாள்.

ஒரு நாள் மருந்துக்கடைக்காரரின் சட்டை அக்காவின் மேசைக்கு வந்தது. தோள் தையலில் பெட்டியை வைத்தவள் அப்படியே எடுத்துவிட்டாள். நூல் பிடித்தாற்போலத் தைக்கிறவளின் தையல், குடிகாரன் நடைபோலக் கோணிக்கொண்டு போயிருந்தது. அக்கா நெடுநேரம் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியை ஆறவைத்துவிட்டு, நடுக்கதவின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுத் தங்கை வீட்டுக்குள் குதித்தாள்.

"பங்குல பாதியை என் பேருக்கு மாத்து."

"பைத்தியமா உனக்கு? சல்லிக்காசு பெறாது அது."

"பெறாதுன்னு எனக்கும் தெரியும். பாதி குடு."

"எதுக்குன்னு சொல்லேன்."

"உன் தையல் கோணுது. என்னால இஸ்திரி போட முடியல."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை தங்கை வீடு பாதி ஏறியிருந்தது, அக்கா வீடு பாதி இறங்கியிருந்தது. நடுக்கதவு சத்தமில்லாமல் திறந்தது. மெஷின்மேல் வெயில் விழுந்தது.

தெருவில் கூட்டம் கூடியது. தங்கை விற்றுவிட்டாள், சரி. வாங்கியவள் யார் என்று பார்த்தால் பக்கத்து வீட்டு அக்கா. பேய்கூட வாங்காத பங்கை ஒருத்தி வாங்குகிறாள் என்றால் சும்மா வாங்குவாளா? மலையைப் பற்றி அவளுக்கு ஏதோ துப்புக் கிடைத்திருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் காதோடு காதாகச் சொன்னார். விற்க நினைத்திருந்த இரண்டொருவரும் பங்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். யார் யாரையோ எப்படி எப்படியோ சந்தேகப்பட்ட அந்தத் தெரு, அவள் தங்கைக்காக இறங்கியிருப்பாள் என்று மட்டும் கடைசிவரை சந்தேகப்படவில்லை.

பிறகு கம்பெனியின் பெயரும் மறந்துபோயிற்று. வீடுகள் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டன. கோடையில் உள்ளே குளிர்ச்சியாக இருப்பதால் வாடகை கொஞ்சம் கூடுதல். வீடு பார்க்க வருகிறவர்களிடம் தரகர் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வார், அட்வான்ஸைச் சொல்வார், வாசலில் குனிந்து இறங்கச் சொல்வார். அவர்களும் குனிந்து இறங்குகிறார்கள்.