பொறுமை மாஸ்டரின் வீடு

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவனுக்குப் 'பொறுமை மாஸ்டர்' என்று பெயர். கிளட்சைப் படக்கென்று விட்டு நடுச்சாலையில் வண்டியைக் குதிக்க வைத்தவர்களிடமும், பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்து விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் முட்டியவர்களிடமும் அவன் குரல் உயர்ந்ததே இல்லை. "பரவால்ல, பயப்படாதீங்க. மறுபடி முதல்ல இருந்து வருவோம்" என்பான். வேறு இடங்களில் திட்டு வாங்கி அழுதவர்கள் எல்லாம் அவனைத் தேடி வந்தார்கள்.

இருக்கிற பொறுமை அத்தனையையும் வெளியிலேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவன் அவன் என்பது அவன் மனைவிக்குத் தெரியும். அவன் அப்பாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்பா வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். தோள்கள் அலமாரி போல அகலம். சாலையில் எவனாவது குறுக்கே வந்தால் ஹாரனைத் தொடமாட்டார். ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு சத்தம் போடுவார், அவ்வளவுதான், வழி கிடைத்துவிடும். மனைவி போன பிறகு தனியாகத்தான் இருந்தார். பிறகு ஒருநாள் பக்கவாதம் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டது. மகனுடைய மூன்றாம் மாடி வீட்டுக்கு அவரைக் கூட்டி வந்தார்கள்.

"ஒரு பக்க டயர் பூரா பஞ்சர்மா. ஸ்டெப்னியும் கிடையாது" என்று வந்த அன்றே மருமகளிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பும் ஒரு பக்கம்தான் வந்தது. அவளுக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

முதல் அடி ஒரு கிண்ணம் சூப்புக்காக விழுந்தது. அப்பாவின் கை நடுங்கி, சூப் புது சோபாவில் கொட்டிவிட்டது. மகன் எழுந்து வந்தான். துடைக்கத்தான் வருகிறான் என்று அவள் நினைத்தாள். பளாரென்று கன்னத்தில் விட்டான். பெரியவரின் தலை சுவரில் மோதித் திரும்பியது. அன்றைக்கு அவனே வெலவெலத்துப் போனான். கையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இனி இப்படி நடக்காது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நடந்தது. படுக்கை நனைந்ததற்கு ஒரு தடவை. கூப்பிட்டது காதில் விழவில்லை என்பதற்கு ஒரு தடவை. அப்புறம் காரணம் தேவைப்படவில்லை. பயிற்சிக்கு வந்த யாரோ ஒருத்தர் காலையில் மாஸ்டரின் காரைச் சுவரில் தேய்த்துவிட்டிருப்பார்; அதற்கான கூலி மாலையில் அப்பாவின் முதுகுக்கு வந்துசேரும். சட்டை மறைக்கிற இடமாகப் பார்த்து அடிக்கக் கற்றுக்கொண்டான். விலாவில் முழங்காலால் இடிப்பான். செத்துப்போன இடது கையைப் பின்னால் முறுக்குவான். "உனக்குத்தான் அதுல உணர்ச்சியே இல்லியே, எதுக்கு மூஞ்சிய சுளிக்கிற?" என்பான். ஒருமுறை தலையணையை முகத்தில் வைத்து அழுத்தினான். வலது கால் மட்டும் கட்டிலில் உதைத்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது பெரியவரின் உதடு நீலம் பாரித்திருந்தது.

இத்தனைக்கும் அவள் செய்தது ஒன்றுதான். டிவி சத்தத்தைக் கூட்டினாள். முதலில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதே என்று. பிறகு தன் காதில் விழக்கூடாதே என்று.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஹோட்டல் விரிப்புகள் ஈரமாக வரும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, சூடான உருளைக்குள் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். நீராவிக்குள் நின்று வியர்த்துக்கொண்டே, 'என்னை ஒரு விரல்கூடத் தொட்டதில்லையே, நல்ல மனுஷன்தானே' என்று நினைப்பாள். வாயைத் திறந்தால் அந்தக் கை தன் பக்கம் திரும்பும் என்பதையும் அதே மூச்சில் நினைப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவருக்கு மருந்து தடவுவாள். முதுகு வாழைத்தண்டு அழுகின மாதிரி கறுத்துக் கிடக்கும்.

"ரோடு சரியில்லம்மா. அதான் வண்டி அடிபடுது" என்பார்.

"யார்கிட்டயாவது சொல்லலாமா மாமா?"

உடனே அவர் முகம் மாறிவிடும். "வேண்டாம்மா. ஒரு காலத்துல இந்த உடம்பைப் பார்த்தா ரோடே ஒதுங்கும். பெத்த புள்ள கையால அடி வாங்கறேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கிழவியை மகள் வீட்டார் அறைக்குள் பூட்டி வைத்திருந்தது வெளியே தெரிந்து, அந்த வட்டாரமே பேசிக்கொண்டிருந்த சமயம். குடியிருப்போர் சங்கத்தார் கீழ்த்தளக் கூடத்தில் முதியோர் பாதுகாப்பு பற்றி ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் பேச வந்தாள். வரவேற்புரைக்கு யாரைப் போடலாம் என்று யோசிக்கவே இல்லை. நோயாளி அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற பொறுமை மாஸ்டர் இருக்கும்போது வேறு யார்?

அவன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான். அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டி, முன்வரிசையில் உட்கார வைத்தான். பக்கத்தில் அவள்.

"பெத்தவங்க நமக்கு ரெண்டு கண்ணு மாதிரி" என்று மைக்கில் ஆரம்பித்தான். "அவங்க குழந்தை மாதிரி ஆகும்போது, நாம அவங்களுக்கு அப்பா அம்மா ஆகணும். என் அப்பா சோறு கொட்டினா நான் துடைப்பேன். அது எனக்குப் பாக்கியம்."

முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம். முதலில் இருமல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, அந்தப் பழைய லாரிக்காரக் குரலில் கூடம் அதிரச் சிரித்தார். மேடையில் மகனும் கூடவே சிரித்தான். "அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கல" என்றான். கூட்டம் கைதட்டியது. நர்ஸ் மட்டும் கைதட்டாமல் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பேசும்போது சுற்றி வளைக்கவில்லை. "வயசானவங்க கீழ விழுந்துட்டாங்கன்னு யாராவது சொன்னா, ஐயோ பாவம்னு போயிடாதீங்க. எப்படி விழுந்தாங்கன்னு கேளுங்க. பதில் தடுமாறினா இன்னொரு தடவை கேளுங்க. அடிக்கிறவங்களுக்கு ரொம்பத் தோதானது மூடின கதவு. அதை மூட விடாதீங்க."

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது நர்ஸ் நேராகப் பெரியவரிடம் வந்தாள். "ஏன் ஐயா அப்படிச் சிரிச்சீங்க?"

"என் பையன் நல்லா ஓட்டுவான்மா" என்றார் பெரியவர். "காரும் ஓட்டுவான், ரீலும் ஓட்டுவான்."

மகனின் கை அப்பாவின் தோளில் வந்து விழுந்தது. "அப்பாவுக்கு மருந்து நேரம். வரட்டுமா?" என்றான். விரல்கள் சட்டைக்குள் புதைவதை அவள் பார்த்தாள்.

லிப்டில் மேலே வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் பதனமாக மாட்டினான்.

"என்ன சிரிப்பு?"

"விடுடா. வாய் தவறி..."

முஷ்டி நேராக வாயிலேயே இறங்கியது. அந்த முதல் அறைக்குப் பிறகு முகத்தில் அடிப்பதைத் தவிர்த்தவன் இன்றைக்கு முகத்தைத்தான் குறிவைத்தான். பெரியவர் நாற்காலியோடு சரிந்தார். பல் ஒன்று தரையில் தெறித்து உருண்டது. மகன் அப்பாவின் ஊன்றுகோலை எடுத்து விலாவில் மாற்றி மாற்றிப் போட்டான். "ஊர் முன்னாடி என்னை நக்கல் பண்றியா? உன் மூத்திரத் துணிய அலசறவன்டா நான்!" பெரியவர் வலது கையால் தலையை மூடிக்கொண்டார். அந்தக் கை மேல் ஒரு அடி. குச்சி ஒடிகிற மாதிரி எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவர் கத்தினார்.

அவள் கை தன் பாட்டுக்கு டிவி ரிமோட்டைத் தேடிப் போயிருந்தது. எடுத்தும் விட்டாள். பொத்தான் மேல் கட்டைவிரல். தரையில் கிடந்தவர் அவளைப் பார்த்தார். கெஞ்சவில்லை. அவள் அதை அழுத்தப்போகிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அழுத்தட்டும் என்று காத்திருந்தார்.

அந்தப் பார்வை அவளை உலுக்கிவிட்டது. ரிமோட் கையிலிருந்து நழுவியது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்து, வாசற்கதவை அகலத் திறந்தாள்.

மாடிப்படி முழுக்க ஆட்கள். கூட்டம் முடிந்து பேசிக்கொண்டே மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். சிலர் கையில் கூட்டத்துக்கு எடுத்துப் போயிருந்த தங்கள் வீட்டு நாற்காலிகள்.

"கதவைச் சாத்துடி!"

அவள் இரண்டு கையாலும் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவன் வந்தான். ஊன்றுகோல் அவள் தோளில் விழுந்தது, பிறகு காதோரம். காதுக்குள் ஒரே இரைச்சல். கழுத்தில் சூடாக ஏதோ வழிந்தது. தலைமுடியைப் பிடித்துக் கதவு விளிம்பில் மோதினான். கைப்பிடியை மட்டும் அவள் விடவில்லை.

"மாஸ்டர்..."

எதிர்வீட்டுத் தையல்காரம்மாள் வாசலில் நின்றிருந்தாள். குள்ளமான, கண்ணாடி போட்ட பெண்மணி. எத்தனையோ மாலைகளில் இந்த வீட்டு டிவி சத்தத்தைப் பற்றி முணுமுணுத்தவள்.

அவன் முகம் ஒரு நொடியில் மாறியது. பயிற்சிக் காரில் பேசுகிற அதே குரல் வந்தது. "பரவால்ல, பயப்படாதீங்க. அப்பா கீழ விழுந்துட்டார்."

தையல்காரம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையில் ரத்தம், பல், கோணிக்கொண்டு கிடந்த கை. கையிலிருந்த மடக்கு நாற்காலியை இறுக்கிப் பிடித்தாள். பிறகு கேட்டாள். "எப்படி விழுந்தார்?"

"கால் இடறி."

"எப்படி விழுந்தார்?"

ஊன்றுகோல் ஓங்கியது. தையல்காரம்மாள் மடக்கு நாற்காலியைக் குறுக்கே நீட்டினாள். கோல் அதில் பட்டு ஒடிந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஆண்கள் பாய்ந்துவிட்டார்கள். அவன் ஒருவனின் மூக்கை உடைத்தான், இன்னொருவனின் கையைக் கடித்தான். கடைசியில் வீட்டின் நடுவே குப்புறத் தள்ளினார்கள். தள்ளியதோடு நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் முன்பு அவனுக்குக் கைதட்டியவர்கள் மாறி மாறி உதைத்தார்கள். "அப்பனையாடா அடிக்கிற?" என்று ஒருவர் அவன் முகத்தைச் செருப்புக் காலால் மிதித்தார். அவன் மூக்கிலிருந்து ரத்தம் குமிழியிட்டது.

"அவனை அடிக்காதீங்கடா!"

மூலையிலிருந்து வந்த சத்தம் அது. உடைந்த தாடையோடு, வார்த்தை குழறி, பெரியவர் கத்தினார். "போதும்டா... அவனை அடிக்காதீங்க..."

படியேறி ஓடி வந்த நர்ஸ் ஆண்களைப் பிடித்துத் தள்ளினாள். "விலகுங்க! இதுக்காகவா கூட்டம் போட்டோம்?" என்று கத்திவிட்டுப் பெரியவர் பக்கத்தில் மண்டியிட்டாள். உதைத்தவர்கள் மூச்சு வாங்க நின்றார்கள். ஒருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மருத்துவமனையில் பெரியவரின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். அதற்கு முன்னால் போலீஸ் அதிகாரி வந்து கேட்டபோது, "விழுந்துட்டேன்" என்றுதான் சொன்னார்.

"இல்ல சார்" என்றாள் அவள். காதில் தையல் போட்டிருந்தது. ஒரு பக்கம் கேட்கவில்லை. "என் வீட்டுக்காரர்தான் அடிச்சார். இன்னைக்கு மட்டும் இல்ல." சூப்பிலிருந்து ஆரம்பித்தாள். தலையணை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்பல்லாம் நீங்க என்ன பண்ணினீங்க?" என்றார் அதிகாரி.

"டிவி சத்தத்தைக் கூட்டினேன்."

அவர் எழுதுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எழுதினார். கோர்ட்டிலும் அவன் வக்கீல் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான், அவளும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அவன் சிறைக்குப் போனான். போகும்போது அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைத் தேடினான். அவர் வந்திருக்கவில்லை.

மாமியார் வழிச் சொந்தங்கள் அவளைக் 'குடும்பத்தைத் தெருவுக்கு இழுத்தவள்' என்றார்கள். ஒரு கிழவர், "ரெண்டு அடி தாங்கமாட்டாராக்கும்?" என்றுகூடக் கேட்டார். அவள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சலவை நிலையத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று பார்த்துக்கொண்டாள். பெரியவரைத் தன்னோடு வைத்துக்கொள்ளத்தான் நினைத்திருந்தாள். அவருடைய நல்ல கை கட்டிலின் எந்தப் பக்கம் வரவேண்டும், ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தால் அவருக்குத் தெரு தெரியும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

தாடைக் கம்பியை எடுத்த அன்று சொன்னாள்.

"உன் மேல கோபம் இல்லம்மா" என்றார். "கதவைத் திறந்தவ நீதான். ஆனா உன்னைப் பார்த்தா எனக்கு அந்த டிவி சத்தம்தான் கேக்குது. நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

அவள் அவருடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். தங்கை வந்து அவரைக் கூட்டிப்போனாள்.

அதன் பிறகு வாராவாரம் போன் செய்தாள். தங்கைதான் எடுப்பாள், "தூங்கறார்" என்பாள். தூங்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவள் விடவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. ஒருநாள் நீராவிக்கு நடுவில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நன்றாகக் கேட்கிற காதில் வைத்தாள்.

"என்னம்மா, உயிரோட இருக்கியா?" பழைய லாரிக்காரக் குரல். கொஞ்சம் குழறல் மட்டும் மிச்சம்.

"இருக்கேன் மாமா."

"ஞாயித்துக்கிழமை வா" என்றார். "ஆனா சாப்பிட்டுட்டு வா. என் தங்கச்சி சமையல் இருக்கே, அந்தத் தண்டனைய நான் ஒருத்தன் அனுபவிச்சா போதும்."