இரண்டாம் பொத்தான்

மருமகள் மூன்று தட்டுகளை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்பதே சரி. தட்டுக்கு இரண்டு முட்டை, வதக்கிய காளான் ஒரு கைப்பிடி, வெள்ளரித் துண்டு ஆறு. கடைசியாக, என் மகனின் தட்டுக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்சுலின் பேனாவை வைத்தாள். அதை மட்டும் மெதுவாக வைத்தாள்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி பத்து யூனிட். டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சில்ல?"

"விழுந்துச்சு. நான் திருட்டுத்தனமா திங்கறேன்னு நீ சொன்னதும் விழுந்துச்சு" என்றான் மகன்.

"நான் சொல்லல. மெஷின் சொல்லுது."

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டியவன் நான்தான். நான் அப்போது வெள்ளரித் துண்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் எனக்கும் சர்க்கரை, மகனுக்கும் சர்க்கரை. மருமகளுக்கு இல்லை, ஆனால் சட்டம் அவளுடையது. பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிற வேலை அவளுக்கு. ஃபிரிட்ஜ் கதவில் வாரத்துச் சாப்பாட்டையும் அப்படியே ஒட்டியிருப்பாள். திங்கள் 7.10 முட்டை, காளான். 1.00 காலிஃபிளவர் துருவல், கோழி. 7.30 முட்டைக்கோஸ் இலைக்குள் கொத்துக்கறி. தாமதமாக வருகிறவனுக்கு அடுத்த வண்டி கிடையாது. காலிஃபிளவரைத் துருவி ஆவியில் வைத்து, சோறு என்று சொல்லி அவள் முதன்முதலாகப் பரிமாறிய அன்று, காலிஃபிளவரே கூச்சத்தில் சிவந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது மாதம் நான் மெலிந்த மெலிவில், மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது காற்று என்னைத் தூக்கி எதிர்வீட்டு மாடியில் போட்டுவிட்டது. நல்ல மனிதர்கள், மடித்துக் கொடுத்தனுப்பினார்கள். இதை டாக்டரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை.

"எங்க அப்பாவுக்கு முதல்ல கட்டைவிரல எடுத்தாங்க மாமா. அப்புறம் பாதம். அப்புறம் முழங்கால். நீங்க எதுல ஆரம்பிக்கறதா உத்தேசம்?"

அன்று வீடு வந்து சேரும்வரை என் கால்விரல்களை எண்ணிக்கொண்டே வந்தேன்.

நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். கையில் ஒரு இயந்திரம் கிடைத்தால் அதன் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. சர்க்கரை பார்க்கிற எங்கள் மீட்டரில் இரண்டு பேருக்குக் கணக்கு உண்டு. ஒன்றாம் பொத்தான் எனக்கு, இரண்டாம் பொத்தான் மகனுக்கு. விடிந்ததும் வெறும் வயிற்றில் மருமகள் முன்னால் இரண்டு பேரும் விரலைக் குத்திக்கொள்வோம். அந்த நேரத்தில் என் எண் யோக்கியமாகவே இருக்கும். அவர்கள் வேலைக்குப் போன பிறகு, என் டூல்பாக்ஸில் ஸ்பேனருக்கு அடியில் கிடக்கும் கிரீம் பிஸ்கட்டில் ஆறு தின்பேன். அதோடு விட்டிருக்கலாம். எந்த பிஸ்கட் எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்ப்பேன். ஆரஞ்சு கிரீம் 261. சாக்லேட் கிரீம் 288. தேங்காய் பிஸ்கட் 240, ஆகவே உடம்பு சரியில்லாத நாட்களில் அதை மட்டும் பத்தியமாக எடுத்துக்கொண்டேன். இந்த எண்கள் என் கணக்கில் ஏறினால் வம்பு. எனவே இரண்டாம் பொத்தானை அமுக்கிவிட்டுக் குத்தினேன். அது மகனின் கணக்கு என்பது தெரியும். அதை ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்பதுதான் தெரியாது.

நேற்று டாக்டர் படித்தார், படித்துவிட்டு மகனுக்கு ஊசி எழுதிக் கொடுத்தார். பேட்டரி மாற்றிய நாளிலிருந்து மீட்டரின் கடிகாரம் தப்பு என்பதால், எந்த எண் எந்த நேரத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"எனக்கு இவ்ளோ ஏறினதே இல்ல சார்" என்றான் மகன்.

"சுகர் பாக்குற ஸ்ட்ரிப் ஏன் மாசம் பாதியிலயே தீருதுன்னு இப்பத்தான் புரியுது" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் சட்டைப்பை, சாப்பாட்டுப் பை, ஹெல்மெட்டின் உள்பக்கம் எல்லாவற்றையும் சோதனை போட்டாள். ஒன்றும் அகப்படாதது அவன் சாமர்த்தியத்துக்குச் சாட்சியாயிற்று. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு நேற்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏழு மாதத்தில் முதல் முறையாகத் திட்டு என் பக்கம் வரவில்லை.

மகன் கிரேன் ஓட்டுகிறவன். முப்பது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து இரும்புக் கட்டுகளைத் தூக்குகிறவன். சர்க்கரை ஏற்கெனவே அடங்கிக் கிடக்கிற உடம்பில் பத்து யூனிட் இறங்கினால் முதலில் வியர்க்கும், பிறகு கை நடுங்கும், பிறகு மயக்கம் வரும். ஊசி தொடங்கி இரண்டு வாரம் கிரேனில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலையிடத்தில் வாயைத் திறக்கப் போவதில்லை என்று இவன் எழுந்ததுமே சொல்லிவிட்டான். திறந்தால் கிரேன் வேறொருவன் கைக்குப் போய்விடும்.

மகன் சட்டையைத் தூக்கி வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்தான். பேனாவின் மூடி கழன்றது.

"அது என்னோடது" என்றேன்.

"எது?"

"அந்த நம்பரெல்லாம். பிஸ்கட் தின்னது நான். ரெண்டாம் பட்டன அமுக்கிட்டுக் குத்தினேன்."

மருமகள் என்னைப் பார்த்தாள். எதிர்வீட்டிலிருந்து மடித்துக் கொடுத்தனுப்பப்பட்டவனைப் பார்க்கிற பார்வை.

"புள்ளைக்காகப் புதுக் கதையா மாமா? இது நல்லாவே இல்ல."

டூல்பாக்ஸைத் தூக்கிவந்து திறந்து காட்டினேன். மூன்று பாக்கெட் இருந்தது.

"ஒளிச்சு வைக்கக் கிடங்கும் குடுத்தீங்களா அவருக்கு?"

விரலைக் குத்தினேன். 112. வெறும் வயிறு, வேறென்ன காட்டும்? வாழ்க்கையில் நான் யோக்கியன் என்று நிரூபிக்கப்பட்டு நாசமாய்ப் போனது அந்த ஒரு முறைதான்.

"விடுங்கப்பா" என்று மகன் மறுபடி சதையைக் கிள்ளினான்.

நான் சாக்லேட் பாக்கெட்டைக் கிழித்தேன். அவர்கள் கண் முன்னாலேயே பிஸ்கட்டை இரண்டாகத் திருகிப் பிரித்து, கிரீமைப் பல்லால் சுரண்டி, இரண்டு வில்லைகளையும் சேர்த்து வாயில் போட்டேன். அடுத்தது. அடுத்தது. ஆறு பிஸ்கட்டும் முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு துணுக்கு கீழே விழவில்லை.

மகன் பேனாவை மேசையில் வைத்தான். மெஷினைவிட அந்த வேகம் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"நேத்து இவ என்னைத் திருடன்னு சொல்றப்போ நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?" அவன் என்னை நீ என்றது அதுதான் முதல் தடவை. "கீரை தின்னுக்கிட்டு இருந்த. இன்னும் கொஞ்சம் போடும்மான்னு கேட்ட."

கேட்டேன். நேற்றுக் கீரை நன்றாக இருந்தது.

"ஒரு மணி நேரம். யாரும் எந்திரிக்கக் கூடாது" என்றாள் மருமகள். டிப்போவுக்குப் போன் போட்டு வர நேரமாகும் என்றாள். காரணம் சொல்லவில்லை. முட்டை ஆறிச் சுருங்கியது. காளான் தண்ணீர் விட்டுக்கொண்டது. ஒரு லிஃப்டில் மூன்று நாள் மாட்டிக்கொண்டு எண்ணெய் டப்பாவைக் குடித்துப் பிழைத்த கதையைச் சொல்ல வாயெடுத்தேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். மூடிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் ஆனதும் ஊசியை விரலில் வைத்து அழுத்தினேன். ரத்தம் வரவில்லை. விரல் ஜில்லிட்டுப் போயிருந்தது. மருமகள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி அந்த விரலை அடியிலிருந்து நுனிவரை பிழிந்தாள். வலித்தது. அவள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு. அந்தப் பக்கத்திலிருந்து மகனும் குனிந்தான். மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன. யாரும் விலகவில்லை. கடுகளவு சிவப்பு விரல்நுனியில் எட்டிப் பார்த்து, நின்று, மெதுவாகப் பருத்துக்கொண்டிருந்தது.