சாவுப் பணத்தின் வட்டி

மூக்காயியை மெருகு போடாத பலகைப் பெட்டியில்தான் கொண்டுபோனார்கள். ஆயுசு முழுக்க ரப்பர் பால் வெட்டியவளுக்கு ஒரு நல்ல பெட்டிகூட இல்லையா என்று தொழிலாளர் குடியிருந்த லயமே கொதித்தது. கொதித்தவர்கள் மயானத்திலிருந்து திரும்பிய கையோடு ஏழுமலை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

புளத்கொகுபிட்டிய ஊருக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தின் மரண உதவிச் சங்கப் பணம் முழுவதும் ஏழுமலையின் மகள் சுகந்தினி பெயரில் வங்கியில் கிடந்தது. சங்கம் எங்கேயும் பதியப்படாததால் அதன் பெயரில் கணக்குத் திறக்க வழியில்லை. தலைவர் கிருஷ்ணகுமார் பெயரில் போட்டால் அவர் குடித்துத் தீர்த்துவிடுவார் என்று மற்றவர்களுக்குப் பயம். தங்கள் பெயரில் போட்டால் அரசாங்கம் ஏழைகளுக்குத் தரும் அஸ்வெசும உதவி வெட்டுப்படும் என்று எல்லோருக்கும் பயம். அந்த நேரம் பார்த்துச் சுகந்தினிக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. "படிக்கிற புள்ளைக்கு வரி கெடையாதுங்க, அது பேர்லயே போடுவோம்" என்று எவனோ சொன்னான். ஒருத்தரும் விசாரிக்கவில்லை. பெருமை தலைக்கேறி அவளும் சரி என்றாள்.

சாவுச் செலவுக்கு அந்த வட்டிதான். இப்போது வட்டி குறைந்து வந்திருந்தது.

"கேம்பஸ்ல புது ஃபோன் வாங்கிருக்கியாமே?" என்றார் கிருஷ்ணகுமார்.

"ரெண்டாங்கை ஃபோன் மாமா. கண்ணாடி வெடிச்சது. பாக்குறீங்களா?"

"வாய் மட்டும் கொறைச்சல் இல்ல. இங்க பாரு புள்ள, அடுத்த கூட்டத்துக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி உங்க வீட்டுப் பேர வெட்டிருவோம்."

பேர் வெட்டினால் அந்த வீட்டுச் சாவுக்குப் பந்தல் போட ஆள் வராது. குழி தோண்டவும் ஆள் வராது. உள்ளே, சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்த ஏழுமலை அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு அவர் மகளைக் கூப்பிடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வங்கியில் நுஸ்கா என்ற பெண் கணக்கைத் திறந்து பார்த்தாள்.

"வரி வெட்டியிருக்கு தங்கச்சி. முந்தி நூத்துக்கு அஞ்சு, இப்ப பத்து."

"நான் படிக்கிறேனே மிஸ்?"

"படிக்கிறதுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்? பதினெட்டு வயசு தாண்டினா ஓங்கட பேர்ல வார வட்டி ஓங்கட வருமானம். வருசத்துக்குப் பதினெட்டு லட்சத்துக்கு மேல வருமானம் இல்லாத ஆக்கள் வரி இலக்கம் எடுத்து, அப்பிடி எழுதித் தந்தா நாங்க வெட்டுறல்ல."

பதினெட்டு லட்சம்! சுகந்தினிக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்துச் சிரிப்பு.

"இது என் காசே இல்ல மிஸ். சங்கத்துக் காசு."

"அப்ப ஏன் ஓங்கட பேர்ல போட்டீங்க? இது என்ட வருமானம் எண்டுதான் எழுதணும். பொய் எழுதச் சொல்ல எனக்கு ஏலா."

"வெட்டினது திரும்பி வருமா?"

"வரித் திணைக்களத்துக்கு எழுதிக் கேக்கணும். எப்ப வரும் எண்டு சொல்லேலா."

பல்கலைக்கழக உதவிப்பணத்துக்காக, தன் பெயரில் ஒரு வருமானமும் இல்லையென்று வருடாவருடம் சத்தியம் செய்துகொடுத்தவள் அவள். உண்மை என்று நம்பித்தான் செய்தாள். இங்கே வருமானம் இருக்கிறது என்றும், அங்கே இல்லை என்றும் எப்படி எழுதுவது? அந்த உதவிப்பணம் நின்றால் விடுதியில் அவளுக்குச் சோறு இல்லை.

வெளியே வந்து கிருஷ்ணகுமாருக்குப் போன் போட்டாள்.

"மாமா, நீங்களும் இன்னும் ரெண்டு பேரும் வாங்க. உங்க பேருக்கு மாத்திக் குடுத்துடுறேன்."

"அய்யய்யோ, என் அஸ்வெசும போயிரும் புள்ள."

"அப்ப என் படிப்பு போகலாமா?"

"நீதான் படிச்சவளாச்சே. ஒரு வழி பாரு."

படித்தவள் பார்த்த வழி இதுதான்: வரி இலக்கத்துக்கு அலைந்து, அது கிடைத்ததும் அதே வங்கிக்குப் போய், சங்கத்துப் பணத்தின் வட்டி தன் வருமானம் என்று கையெழுத்துப் போட்டாள். பேருந்து நிலையத்தில் நின்றபடியே பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். பொய்ச் சத்தியம் என்று பிறகு பிடிபடுவதைவிட இது மேல் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். மறுமுனையில் இருந்தவர், "சரி, அப்படியென்றால் நிறுத்தத்தான் வேண்டும்" என்று சிங்களத்தில் சொல்லிப் போனை வைத்துவிட்டார். திட்டக்கூட இல்லை.

கூட்டத்தில் எழுந்து நின்றாள். "இனிமே வட்டியில வெட்டு விழாது. கையெழுத்துப் போட்டுட்டேன். வெட்டினதையும் எழுதிக் கேக்குறேன்."

கிருஷ்ணகுமார் தாடையைச் சொறிந்தார். "ஒரு கையெழுத்துல முடியிற காரியமா? அப்ப மொதல்லயே போட்டுத் தொலைச்சிருக்கலாமே! மூக்காயிக்கு ஒரு நல்ல பெட்டி வந்திருக்குமே!"

ஆமாம், ஆமாம் என்று தலைகள் ஆடின. அவள் போட்ட கையெழுத்தே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

"என் உதவிப்பணம் நின்னுபோச்சு மாமா. அடுத்த மாசம் நான் என்னத்தத் திங்கிறது?"

"அட விடு, நாளைக்கு உத்தியோகம் பாத்து எங்களுக்கே சோறு போடுவ" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். கூட்டம் சிரித்தது. வீட்டுப் பேரை வெட்டுவதில்லை என்றும், பணம் அவள் பெயரிலேயே இருக்கட்டும் என்றும் முடிவு செய்து கலைந்தார்கள்.

வீட்டில் ஏழுமலை தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா சொன்னாங்க?"

வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, "உங்களுக்குக் குழி வெட்ட வருவாங்களாம்ப்பா" என்றாள்.

"அப்பாடா" என்று அவர் தலையைச் சாய்த்தார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. சுகந்தினி அடுப்படிக்குப் போய், அரிசி வாளியின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்தபடி நின்றாள்.